சனிக்கிழமைச் சுருட்டுக்கு இடம் எங்கே?

பினாங்கின் பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் 7-ஆவது மாடியில் வசிக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் குடியிருப்பின் பெயரும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். அவருக்கு வயது 61. பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, போன ஆண்டு ஓய்வு பெற்றவர். சிகரெட் தொட்டதில்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலையில் தொழிற்சாலை நண்பர்கள் நால்வருடன் ஒரே மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை), வெளியே போட்ட மேசையில், ஆளுக்கொரு சுருட்டும் இரண்டு தே தாரிக் தேநீருமாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவது வழக்கம்.

முதலில் கடைக்காரர் சாம்பல் கிண்ணத்தை எடுத்துவிட்டார். இவர்கள் சாக்கடை ஓரத்துக் கடைசி மேசைக்கு மாறினார்கள். மூன்று வாரத்துக்கு முன் அதிகாரிகள் வந்து இவருக்கும் இன்னொரு நண்பருக்கும் சம்மன் எழுதிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை தன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து பிடித்திருக்கிறார். மேல்மாடியில் எட்டு மாதக் குழந்தையுடன் ஒரு இளம் தம்பதி. காயப்போட்ட துணியில் புகை நாற்றம் அடிக்கிறது என்று புகார் கொடுத்துவிட்டார்கள். 200 ரிங்கிட் அபராதம் விதிக்க நேரும் என்று நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

இப்போது அவரிடம் ஒரு திட்டம் இருக்கிறது. ஜோர்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியை வாடகைக்கு எடுத்து, 12 பேர் சேர்ந்து ஒரு கிளப் மாதிரி நடத்துவது. மாதம் ஆளுக்கு 150 ரிங்கிட். தேநீர் போட ஒரு ஆள். நண்பர் ஒருவர் வாட்ஸ்அப் வழியாகப் பெட்டி பெட்டியாகச் சுருட்டு வரவழைத்து எல்லாருக்கும் விற்பார். தொடக்கச் செலவுக்கு இவருடைய இபிஎஃப் பணத்திலிருந்து 30,000 ரிங்கிட். 'இது சட்டப்படி செல்லுமா? சிகரெட் சட்டம் சுருட்டுக்கும் உண்டா? என் சொந்த வீட்டில் நான் பிடிப்பதை யார் தடுக்க முடியும்?' என்று கேட்டுவிட்டு இப்படி முடித்திருக்கிறார்: 'என் தாத்தா தோட்டத்தில் சுருட்டு பிடித்தார், ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. உழைத்து வாங்கியதை வாரத்தில் ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பிடிக்க இந்த ஊரில் எனக்கு ஓர் இடம் இல்லையா?'

வணக்கம் ஐயா.

இடம் இருக்கிறது. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறெதையோ சொல்லும்போது நீங்களே அதை எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சில விஷயங்களைச் சரிசெய்துகொள்வோம். அந்த நினைப்பை நம்பித்தான் 30,000 ரிங்கிட்டை எடுக்கப் பார்க்கிறீர்கள்.

சுருட்டு வேறு, சிகரெட் வேறு என்பது பற்றி

சுருட்டு என்பதே நம்முடைய சொல். ஆங்கிலேயர்கள் 'செரூட்' என்பது இதைத்தான். உறையூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே சுருட்டு வாங்கிய மக்கள் நாம். இங்கே நம் தோட்டங்களில் முனீஸ்வரருக்குப் படையல் போடும்போது இலையில் சுருட்டு இல்லாமல் இருக்காது. அதனால் உங்கள் பற்று எனக்கு அந்நியமானதல்ல. சட்டம் மட்டும் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

2024-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரத்திற்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 852-ஆவது சட்டம், அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சிகரெட், சுருட்டு, வேப் எல்லாமே அதில் புகைப்பொருள்கள்தான். 'நான் புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயில் வைத்து விட்டுவிடுவேன்' என்று அதிகாரியிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது எடுபடாது. பற்றவைத்த சுருட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாலே புகைப்பிடித்ததாகத்தான் கணக்கு.

திறந்த வெளி, சாக்கடை ஓரம் என்பதும் உதவாது. சாப்பாட்டுக் கடைகளில் தடை 2019 ஜனவரி 1-ஆம் தேதி வந்தது. முதல் ஓராண்டு எச்சரிக்கையோடு விட்டார்கள். 2020 ஜனவரியிலிருந்துதான் அபராதம். அன்றிலிருந்து கூரையோ சுவரோ இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சாப்பிடுவதற்காகப் போட்டிருக்கும் மேசை நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், சுமார் பத்தடி. மாமாக் கடைக்கும் ஒட்டுக்கடைக்கும் ஐந்து நட்சத்திர உணவகத்துக்கும் இதே அளவுதான். நீங்கள் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தாலும் உட்கார்ந்திருந்தது மேசையில்தானே ஐயா. ஜோர்ஜ்டவுன் கடைகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதையில் நின்றுகொள்ளலாமே என்றால், அங்கே பக்கத்துக்குப் பக்கம் சாப்பாட்டுக் கடைதான். பத்தடி இடைவெளி கிடைப்பது அரிது.

புகைப்பிடிப்பது அடிப்படை உரிமை என்று சிலர் வழக்கே போட்டார்கள். 2019 அக்டோபரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே அந்தச் சம்மனை எதிர்த்து நிற்க நான் சொல்ல மாட்டேன். கெடு முடிவதற்குள் அலுவலகத்துக்கு நேரில் போய், முதல் முறை, ஓய்வு பெற்றவர் என்று சொல்லித் தொகையைக் குறைக்கக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் விஷயம் நீதிமன்றம் போகும். அங்கே உச்ச அபராதம் 5,000 ரிங்கிட்.

இன்னொன்று. பதினைந்து ஆண்டுப் பழக்கத்தை மறந்து கிண்ணத்தை எடுத்துவிட்டார் என்று கடைக்காரர் மேல் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். தன் கடையில் யாரும் புகைக்காமல் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. மேசையில் சாம்பல் கிண்ணம் இருந்தால் அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த மனிதர் உங்களை எழுந்து போகச் சொல்லவில்லை; கிண்ணத்தை மட்டும்தான் எடுத்தார். சுருட்டு இல்லாமல் ஒருநாள் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள்.

என் வீடு, என் பால்கனி

கடிதத்தில் நீங்கள் கோபமாக எழுதியிருப்பது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நீங்கள் சொல்வதில் பாதி சரி. உங்கள் வீட்டுக் கதவுக்கு உள்ளே 852-ஆவது சட்டத்தின்படி யாரும் வந்து சம்மன் எழுத மாட்டார்கள். ஆனால் நீங்கள் இருப்பது தனி வீடு அல்ல. அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும், 2015-இல் அதன்கீழ் வந்த விதிமுறைகளும் இருக்கின்றன. வீட்டுக்காரர் என்ற முறையில் அவை உங்களையும் கட்டுப்படுத்தும். தன் வீட்டை மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரும் வகையில் பயன்படுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. லிஃப்ட், நடைபாதை, மாடிப்படி எல்லாம் பொதுச் சொத்து. அங்கே உங்கள் வீடு என்ற பேச்சே இல்லை.

'சொந்தக்காரனை நிர்வாகம் கட்டுப்படுத்த முடியுமா?' என்று கேட்டிருந்தீர்கள். முடியும். மோன்ட் கியாராவில் ஓர் அடுக்குமாடியில் வீடுகளை நாள் வாடகைக்கு விடக் கூடாது என்று நிர்வாகக் கழகம் விதி போட்டது. சொந்தக்காரர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2020-இல் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பானது. தன் வீட்டை வைத்துச் சம்பாதிப்பதையே தடுக்க முடியும் என்றால், பால்கனிப் புகை பற்றி ஒரு விதி வருவது பெரிய காரியமில்லை.

அதே சமயம் நிர்வாகம் நினைத்த மாத்திரத்தில் 200 ரிங்கிட் போட்டுவிடவும் முடியாது. கூடுதல் விதி என்றால் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானமாக நிறைவேறியிருக்க வேண்டும். கட்டட ஆணையரிடம் அதன் நகலைக் கொடுத்திருக்க வேண்டும். 'எந்த விதியின்கீழ் இந்த அபராதம், தீர்மானத்தின் நகல் தர முடியுமா?' என்று மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சச்சரவு முற்றினால் அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரையான விவகாரங்களை அது விசாரிக்கும். பெரும்பாலும் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களேதான் நின்று பேச வேண்டும்.

ஆனால் அதுவரை போகாதீர்கள் ஐயா. இதை நான் வழக்கறிஞராக மட்டும் சொல்லவில்லை.

நீங்கள் எழுதியதை அப்படியே திருப்பித் தருகிறேன்: 'துணி நாறினால் டிரையரில் போட்டுக்கொள்ளட்டும்.' உங்கள் பால்கனி விளிம்பிலிருந்து மேல்வீட்டுத் துணிக்கொடி வரை எத்தனை அடி இருக்கும்? எட்டு, ஒன்பது? பினாங்கில் மாலைக் கடற்காற்று கட்டடத்தில் மோதினால் புகைக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. அங்கே தொங்குவது எட்டு மாதக் குழந்தையின் சட்டையும் தொட்டில் துணியும். அந்தத் துணியை அது வாயில் வைத்துச் சப்பும். தடித்த சுருட்டு ஒன்று முழுதாக எரிய ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். அதன் புகையில் பெரும்பகுதி நீங்கள் வாயால் இழுப்பது அல்ல. கையில் பிடித்திருக்கும்போது நுனியிலிருந்து தானாகப் போவது. சிகரெட்டோடு ஒப்பிட்டுச் சமாதானம் சொல்லிக்கொள்ள இதில் இடமில்லை.

அதற்காக பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வரவேற்பறைக்கு வந்துவிடாதீர்கள். உங்கள் மனைவியைப் பற்றி நான்கு பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: 'அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.' இந்த வரியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொள்வதும் ஒரு பதில்தானே ஐயா.

இந்த வாரமே மேல்வீட்டுக்குப் போங்கள். ஒரு வரி போதும்: 'தம்பி, இனிமேல் பால்கனியில் பிடிக்க மாட்டேன்.' விதி, உரிமை எதையும் பேச வேண்டாம். ஒரே கட்டடத்தில் மேலும் கீழும் இருந்துகொண்டு லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் குடும்பங்களை என் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன். வழக்கில் ஜெயித்தவர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

கிளப் திட்டம்

இதை நீங்கள் தொடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

கடைவீட்டு மாடி குடியிருப்பு அல்ல. நண்பர்கள் மட்டும்தான் வருகிறோம் என்றாலும் அது பன்னிரண்டு பேர் பணம் கட்டிக் கூடும் இடம். தேநீர் போட ஒரு ஆளை வைத்தால் அவருக்கு அது வேலையிடம். தேநீரும் பலகாரமும் பரிமாறினால் அது சாப்பாட்டுக் கடை என்ற கேள்வி வரும். எந்த மாமாக் கடைத் தடையிலிருந்து தப்பி ஓடுகிறீர்களோ அதே தடை மாடிப்படி ஏறி வந்துவிடும். மாநகர் மன்ற உரிமம், கட்டடப் பயன்பாட்டு அனுமதி எல்லாம் தனிக்கதை. 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி 7 பேருக்கு மேற்பட்டாலே, ஏன், 7 பேர் சேர்ந்தாலே அது சங்கம். பதிவு செய்யாமல் நடத்தினால் அதுவே குற்றம். நீங்கள் 12 பேர்.

அந்தப் பழைய கடைவீடுகளின் மாடித் தளம் பெரும்பாலும் மரப்பலகை. அதன்மேல் பன்னிரண்டு நெருப்பு. தீ பிடித்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது, இங்கே புகைக்க யார் அனுமதித்தது என்பதாகத்தான் இருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் இருக்கப் போவது உங்கள் ஒருவர் பெயர்.

கணக்கையும் பாருங்கள். 12 பேர், ஆளுக்கு 150 என்றால் மாதம் 1,800 ரிங்கிட். வாடகை 1,600 என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 200-இல் மின்சாரம், தண்ணீர், தேநீர் ஆளின் சம்பளம் எல்லாம் எப்படி அடங்கும்? மூன்று பேர் விலகினால் வருவது 1,350. வாடகைக்கே 250 குறையும். அதை மாதாமாதம் உங்கள் இபிஎஃப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். விலகிய நண்பரிடம் கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. பதினைந்து ஆண்டு நட்பு அங்கே உடையும்.

வாட்ஸ்அப் விற்பனை அதைவிட ஆபத்து. புகைப்பொருள்களை இணையம் வழியாக விற்பதைப் புதிய சட்டம் தடை செய்திருக்கிறது. நண்பருக்குள் விற்றாலும் விற்பனைதான். 'வெளிநாட்டிலிருந்து வருபவர் பெட்டியில் கொண்டுவந்துவிடுவார்' என்றும் எழுதியிருந்தீர்கள். வரி கட்டாத சரக்கைக் கொண்டுவருபவர் மட்டும் மாட்டுவதில்லை. 1967-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி அதைத் தெரிந்தே வைத்திருப்பவரும் மாட்டுவார். விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிட்டு, கட்டச் சொன்னதைக் கட்டச் சொல்லுங்கள்.

வரி ஏறிவிட்டது என்ற புலம்பலும் கடிதத்தில் இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் சுருட்டுக்கான கலால் வரி கிலோவுக்கு 40 ரிங்கிட் கூடியிருக்கிறது. உண்மைதான். ஆனால் தடித்த சுருட்டு ஒன்று 15 கிராம் என்று வைத்துக்கொண்டால் கூடியது 60 சென். மாதம் நான்கு சுருட்டு பிடிக்கும் உங்களுக்கு 2 ரிங்கிட் 40 சென். இதற்காகச் சுங்கத் துறையோடு மோதலாமா? பெட்டி பெட்டியாக வாங்குவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. சுருட்டுக்கு ஏற்ற ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு. நம் ஊர்க் காற்று அடிக்கடி 80-ஐத் தாண்டும். நீங்கள் சொன்ன பிஸ்கட் டின்னில் வைத்தால் இரண்டு மாதத்தில் பூஞ்சைதான் பிடிக்கும். உரிமம் உள்ள கடையில் அவ்வப்போது இரண்டு மூன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரில் சுருட்டு லவுஞ்ச்கள் இருக்கின்றனவே, அவர்கள் மட்டும் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். 2004-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளில் பப், டிஸ்கோ, இரவு விடுதி, கேசினோ ஆகியவற்றுக்கு விலக்கு இருந்தது. அந்த நிழலில் வளர்ந்த இடங்கள் பல. 2024-இல் புதிய சட்டம் வந்த பிறகு 'முன்பு விட்டார்களே' என்பது பதிலாகாது. மகனைப் பார்க்கக் கோலாலம்பூர் போகும்போது அப்படி ஓர் இடத்துக்குப் போக ஆசைப்பட்டால், முன்கூட்டியே கூப்பிட்டு, எந்தப் பகுதியில் புகைக்கலாம், அதற்கு என்ன அனுமதி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். நேரான பதில் வந்தால் போங்கள். மழுப்பினால் வேண்டாம். உள்ளே உட்கார்ந்தபின் சாப்பாடு பரிமாறுகிறார்களா, புகைக்கக் கூடாது என்ற பலகை எங்காவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதிகாரி வந்தால் சம்மன் உங்கள் பெயரில்தான் எழுதப்படும். 'கடைக்காரர் சொன்னார்' என்பது உங்களைக் காப்பாற்றாது. பூங்காவும் விளையாட்டு மைதானமும் தடை செய்யப்பட்ட இடங்கள்தான், அவற்றை மறந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று

வாரத்துக்கு ஒன்றுதானே, உள்ளே இழுப்பதும் இல்லை, அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் கடிதத்தை மூட மனம் வரவில்லை.

என் அப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மாலையில் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, லயத்து வீட்டுப் படியில் உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். தீக்குச்சி வெளிச்சத்தில் அவர் முகம் ஒரு நொடி சிவந்து தெரியும். எனக்கு இன்னும் அது நினைவிருக்கிறது. அவரும் உள்ளே இழுத்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகு நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. கடைவாய்ப்பல் குத்துகிறது என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் நம்பினோம். பினாங்கில் காட்டியபோது கழுத்துக் கட்டி வரை போயிருந்தது.

சுருட்டுப் புகைக்குக் காரத்தன்மை அதிகம். அதனால் நிக்கோட்டின் நுரையீரலுக்குப் போகாமலேயே வாய்த்தோல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. சிகரெட் ஒன்றில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டில் 5 முதல் 17 கிராம் வரை. ஆக, சில சுருட்டுகளில் ஒன்றைப் பிடிப்பது ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலையைப் பிடிப்பதுபோலத்தான். வாரத்துக்கு ஒன்று என்பது தினமும் பிடிப்பதைவிட நிச்சயம் குறைந்த ஆபத்து. ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பல் மருத்துவரிடம் போய், 'நான் சுருட்டு பிடிப்பவன், நாக்குக்கு அடியிலும் கன்னத்துக்கு உள்ளேயும் பாருங்கள்' என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றினால் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகைப்பழக்கத்தை விட உதவும் சேவை இருக்கிறது.

மூன்றாம் பக்கத்து வரி

'எங்களில் ஒருவன் மட்டும் புக்கிட் மெர்தாஜாமில் தனி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். பின்னால் பெரிய இடம், ரம்புத்தான் மரம், கொட்டகை எல்லாம் இருக்கிறது. பாலம் தாண்டி யார் போவது?'

நீங்கள் போங்கள் ஐயா. தனிமனிதரின் வீட்டுக் கொல்லை, திறந்த வெளி, மேலே துணிக்கொடி இல்லை. அங்கே உட்கார்ந்து ஐந்து பேர் சுருட்டு பிடிப்பதை 852-ஆவது சட்டம் தடுக்கவில்லை. உரிமம், சங்கப் பதிவு, 30,000 ரிங்கிட் எதுவும் வேண்டாம். ஒரே காரில் மற்ற நான்கு பேரும் போய் வந்தால் பெட்ரோலும் டோலும் பகிர்ந்துகொள்ளலாம். சனிக்கிழமை மாலைப் பாலத்து நெரிசலுக்கு முன், நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

சில விஷயங்களை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். நண்பர் சரி என்றால் போதாது, அவர் மனைவியும் மனதாரச் சரி என்று சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் வாரத்தில் சுருட்டு வேண்டாம், பேச்சு மட்டும் போதும். பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்து தள்ளி, மரத்தடியில் நாற்காலி போடுங்கள். காய்ந்த சருகில் நெருப்பு விழாமல் தண்ணீர் ஊற்றிய ஒரு பழைய பால் டின்னை நடுவில் வையுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் குளித்து, துணியைத் தனியாக ஊறப்போடுங்கள். உங்கள் மனைவி சாத்திய கதவைத் திறக்க அது உதவும்.

கடிதம் முழுவதிலும் சுருட்டின் ருசியைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரு வரி. அந்த நால்வரும் என்ன பேசினார்கள், யாருக்கு முட்டி வலி, யார் மகளுக்குத் திருமணம் என்று எழுதியது ஒன்றரைப் பக்கம். அந்தச் சனிக்கிழமையை நீங்கள் இழக்கக் கூடாது என்றுதான் எனக்கும் இருக்கிறது.

சம்மனின் நகலையும் நிர்வாகம் அனுப்பிய கடிதத்தின் நகலையும் எனக்கு அனுப்பிவையுங்கள். அந்த 200 ரிங்கிட் எந்த விதியின்கீழ் என்று பார்த்து எழுதுகிறேன். சம்மனின் கெடுவை மட்டும் இன்றே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.